அந்தக் கோப்பைத் திறந்தது யார்?

பின்லாந்தில் ஓர் அரசு மருத்துவமனை. அங்கே கண் சிகிச்சைப் பிரிவில் ஒரு பெண் 1989 முதல் ஒப்பந்த நர்ஸாக வேலை பார்த்தார். அவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தது. அதே மருத்துவமனையின் தொற்றுநோய்ப் பிரிவில் 1987 முதலே சிகிச்சை பெற்று வந்தார்.

1992-ன் தொடக்கத்தில் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. தன் நோயைப் பற்றிக் கூட வேலை செய்பவர்களுக்குத் தெரிந்துவிட்டதோ?

சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. அந்த மருத்துவமனையில் நோயாளிகளின் பதிவேட்டை எந்தப் பிரிவு ஊழியரும் தடையில்லாமல் பார்க்க முடிந்தது. யாருக்கு என்ன நோய், எந்த டாக்டர் பார்க்கிறார் என்ற விவரமெல்லாம் அதில் இருந்தது. அவர் தன் டாக்டரிடம் முறையிட்டார். அதன் பிறகு, சிகிச்சை தரும் பிரிவினர் மட்டுமே அவருடைய விவரங்களைப் பார்க்கலாம் என்று மாற்றினார்கள். பதிவேட்டில் அவருக்கு வேறு பெயர்கூடப் போட்டார்கள். 1995-ல் அவருடைய வேலை ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை.

1996-ல் அவர் மாகாண நிர்வாக வாரியத்துக்குப் புகார் கொடுத்தார். கேட்டது ஒன்றே ஒன்றுதான். ‘என் கோப்பைத் திறந்து பார்த்தவர்கள் யார் யார்?’

‘கண்டுபிடிக்க முடியாது’ என்று பதில் வந்தது. கடைசியாகப் பார்த்த ஐந்து தடவைகள் மட்டும்தான் பதிவாகுமாம். அதிலும் எந்தப் பிரிவிலிருந்து பார்த்தார்கள் என்றுதான் இருக்குமே தவிர, யார் பார்த்தார் என்று இருக்காது. கோப்பு ஆவண அறைக்குத் திரும்பியதும் அந்தக் குறிப்பும் அழிந்துவிடும்.

கல்யாண வீட்டு மொய் நோட்டில் ‘மேலத்தெரு - 500 ரூபாய்’ என்று மட்டும் எழுதி வைத்திருந்தால் எப்படி இருக்கும்? மேலத்தெருவில் நாற்பது வீடு. திருப்பிச் செய்ய வேண்டியது எந்த வீட்டுக்கு? அந்த மருத்துவமனையின் பதிவும் அப்படித்தான் இருந்தது. எழுதியது என்னவோ உண்மை; தேவைப்படும் நேரத்தில் உதவாத உண்மை.

‘அது பழைய காலம். இப்போதுதான் எல்லாவற்றுக்கும் லாகின், ஓ.டி.பி. வந்துவிட்டதே’ என்று நினைக்கிறீர்களா? நாம் பார்க்கும் திரையில் அப்படித்தான். திரைக்குப் பின்னால் இன்னொரு லாகின் இருக்கிறது. அது பெரும்பாலும் ஒரே பெயரில்தான் நடக்கிறது.

சமையலறைக்குத் தெரிந்த ஒரே முகம்

ஓட்டலுக்குப் போகிறோம். ‘ஒரு ரவா தோசை’ என்று சர்வரிடம் சொல்கிறோம். அவர் சமையலறைக்குப் போய்ச் சொல்கிறார். தோசை வருகிறது. கேட்டது நீங்களா, பக்கத்து மேஜைக்காரரா என்று தோசை மாஸ்டருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்த ஒரே முகம் சர்வருடையது.

இணையதளங்களும் ஆப்களும் வேலை செய்வது இப்படித்தான். உங்கள் பெயர், முகவரி, ரத்தப் பரிசோதனை முடிவு, கடன் பாக்கி, பிள்ளைகளின் மார்க் என எல்லாம் டேட்டாபேஸ் எனப்படும் தரவுத்தளத்தில் இருக்கின்றன. அதுதான் சமையலறை. நீங்கள் உங்கள் பெயரிலும் பாஸ்வேர்டிலும் இணையதளத்துக்குள் நுழைகிறீர்கள். ‘இவர் சரியான ஆள்தான்’ என்று இணையதளம் உறுதி செய்துகொள்கிறது. பிறகு உங்களுக்காக அது டேட்டாபேஸுக்குப் போகிறது. ஆனால், உங்கள் பெயரில் போவதில்லை. தனக்கென்று வைத்திருக்கும் ஒரு பொதுக் கணக்கில் போகிறது.

ஆயிரம் பேர் வந்தாலும் லட்சம் பேர் வந்தாலும் அதே கணக்கு, அதே பாஸ்வேர்டு. டேட்டாபேஸின் பதிவேட்டைப் புரட்டினால் பக்கம் பக்கமாக ஒரே பெயர்தான் இருக்கும்.

‘இணையதளமே யார் வந்தார்கள், என்ன பார்த்தார்கள் என்று எழுதி வைக்காதா?’ என்று கேட்கலாம். நல்ல இணையதளங்கள் எழுதி வைக்கும். ஆனால், அதில் இரண்டு ஓட்டைகள் உண்டு.

ஒன்று, புரோகிராம் எழுதியவர் எதையெல்லாம் பதிவு செய்யச் சொன்னாரோ அது மட்டும்தான் பதிவாகும். அவர் ஒரு பக்கத்தை மறந்திருந்தால், அந்தப் பக்கம் வழியாக நடந்தது எதற்கும் தடயம் இருக்காது.

இரண்டாவது ஓட்டை இதைவிடப் பெரியது. அந்தப் பொதுக் கணக்கின் பாஸ்வேர்டு, புரோகிராம் எழுதியவருக்குத் தெரியும். பராமரிப்பவருக்குத் தெரியும். வேலையை விட்டுப் போனவருக்கும் தெரிந்திருக்கலாம். அவர்களில் ஒருவர் இணையதளத்தைத் தொடாமல், வேறு ஒரு சாஃப்ட்வேர் மூலம் நேராக டேட்டாபேஸுக்குள் நுழைந்தால்? இணையதளத்தின் பதிவேட்டில் ஒரு வரிகூட இருக்காது. டேட்டாபேஸின் பதிவேட்டில் வழக்கமான அந்தப் பெயர்தான் இருக்கும். சர்வரின் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியாள் சமையலறைக்குள் போன கதை.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது?

டேட்டாபேஸ் தொழில்நுட்பம் வளரத் தொடங்கிய காலத்தில் நிலைமை வேறு. 1970-களில் அமெரிக்காவின் சான் ஹோசே நகரில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ‘சிஸ்டம் ஆர்’ என்ற டேட்டாபேஸை உருவாக்கினார்கள். இன்று உலகம் முழுவதும் புழங்கும் எஸ்.கியூ.எல். மொழி பிறந்தது அங்கேதான். ‘இன்னாருக்கு இந்த அட்டவணையைப் பார்க்க அனுமதி கொடு’, ‘கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறு’ என்ற கட்டளைகள் அப்போதே அதில் இருந்தன. கிராண்ட், ரிவோக் என்பது அவற்றின் பெயர். இன்றும் அதே பெயர்தான்.

அன்று டேட்டாபேஸைப் பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் அலுவலக ஊழியர்கள். அவரவர் பெயரில் அவரவர் நுழைவது இயல்பாக இருந்தது. 1990-களில் இணையதளங்கள் வந்தன. யாரென்றே தெரியாத லட்சக்கணக்கான பேர் வாசலில் வந்து நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் டேட்டாபேஸில் கணக்கு திறப்பது சாத்தியமா? ‘இணையதளத்துக்கு மட்டும் ஒரு கணக்கு போதும். யாரை விடுவது, யாரைத் தடுப்பது என்பதை இணையதளமே பார்த்துக்கொள்ளட்டும்’ என்று விட்டுவிட்டார்கள். அவசரத்துக்கு வந்த ஏற்பாடு, நிரந்தரப் பழக்கமாகிவிட்டது.

ஆளுக்கொரு சாவி ஏன் இல்லை?

‘அப்படியானால் ஆளுக்கொரு கணக்கு கொடுத்துவிட வேண்டியதுதானே?’ என்று தோன்றும். இன்ஜினீயர்கள் தயங்குவதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன.

முதல் காரணம், இடம். டேட்டாபேஸுக்குள் ஒரே நேரத்தில் எத்தனை இணைப்புகள் இருக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. உலகெங்கும் பயன்படும் போஸ்ட்கிரெஸ்கியூஎல் டேட்டாபேஸை நிறுவியதும் அதில் இருக்கும் வரம்பு 100. மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் 151. இதைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால், ஒவ்வோர் இணைப்பும் கம்ப்யூட்டரின் நினைவகத்தில் இடம் பிடிக்கும். புதிய இணைப்பைத் திறக்க நேரமும் ஆகும்.

அதனால் இணையதளங்கள் ஓர் உபாயம் வைத்திருக்கின்றன. சில பத்து இணைப்புகளை முன்கூட்டியே திறந்து தயாராக வைத்திருக்கும். ஒருவர் வேலை முடிந்ததும் அதே இணைப்பு அடுத்தவருக்குப் போகும். நூற்றுக்கணக்கான பேர் வரும் கடையில் பத்துக் கூடைகளே மாறி மாறிச் சுற்றுவது போல. ஆளுக்கொரு கணக்கு என்றால் இந்த உபாயம் உடைந்துபோகும். ஒருவர் பெயரில் திறந்த இணைப்பை இன்னொருவருக்குத் தர முடியாது.

இரண்டாவது காரணம், பராமரிப்பு. ஆள் சேரும்போது கணக்கு திறக்க வேண்டும். பிரிவு மாறினால் அனுமதியை மாற்ற வேண்டும். வேலையை விட்டால் மூட வேண்டும். திறப்பதை யாரும் மறப்பதில்லை. மூடுவதைத்தான் மறப்பார்கள்.

மூன்றாவது காரணம் கொஞ்சம் விசித்திரமானது. ஊழியர் கையில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு நேரடியாக இருந்தால், அவர் இணையதளத்தைச் சுற்றிக்கொண்டு நேராக உள்ளே போய்விடலாம். ‘இந்தத் தொகைக்கு மேல் மேனேஜர் அனுமதி வேண்டும்’ என்பது போன்ற கட்டுப்பாடுகள் இணையதளத்தில் மட்டும் இருந்தால், அவை பயனில்லாமல் போகும். பாதுகாப்புக்கென்று கொடுத்த சாவியே பின்கதவைத் திறந்துவிடும்.

ஆக, கோடிக்கணக்கானவர்கள் வந்துபோகும் ஷாப்பிங் தளத்துக்கு ஆளுக்கொரு டேட்டாபேஸ் கணக்கு என்பது ஒத்துவராது. ஐம்பது பேர் வேலை செய்யும் ஒரு மருத்துவமனைக்கோ, பள்ளி அலுவலகத்துக்கோ தாராளமாக ஒத்துவரும்.

நடுவில் ஒரு வழி

இரண்டுக்கும் நடுவிலும் வழி இருக்கிறது. பொதுக் கணக்கில் போனாலும், யாருக்காக வந்திருக்கிறோம் என்பதை டேட்டாபேஸிடம் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குவது. ‘ஐந்தாம் மேஜைக்காரர் கேட்கிறார்’ என்று சர்வர் சொல்வது போல.

ஆரக்கிள் டேட்டாபேஸில் இதற்கென்றே பதிலாள் முறை இருக்கிறது. இணையதளம் தன் கணக்கில் நுழைந்து, இன்னாரின் சார்பில் என்று அறிவிக்கும். டேட்டாபேஸ் அந்த நபருக்குரிய அனுமதிகளை மட்டும் தரும். அவர் பெயரையே குறித்துக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் ‘இனி இந்தப் பொறுப்பில் வேலை செய்கிறேன்’ என்று இணைப்பின் நடுவிலேயே மாறிக்கொள்ளலாம்.

இதற்கு அடுத்த படி, வரிக்கு வரி காவல். ஒரே அட்டவணையில் எல்லா நோயாளிகளின் விவரமும் இருக்கட்டும். கண் பிரிவு நர்ஸ் பார்த்தால், கண் பிரிவு நோயாளிகளின் வரிகள் மட்டும் தெரியும். மற்றவை இருப்பதே தெரியாது. ஆரக்கிள் இதை 1999-ல் கொண்டுவந்தது. இலவசமாகக் கிடைக்கும் போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் 2016 ஜனவரியில் வந்தது. அதாவது, பெரிய பட்ஜெட் இல்லாத நிறுவனத்துக்கும் இந்தக் காவல் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

இதிலும் ஒரு கவனம் தேவை. கூடையை அடுத்தவரிடம் தருவதற்கு முன் முந்தையவரின் சாமானை எடுத்துவிட வேண்டும் இல்லையா? இணைப்பு கைமாறும்போது முந்தையவரின் பெயரைத் துடைக்க மறந்தால், அடுத்தவர் செய்தது முந்தையவர் கணக்கில் ஏறிவிடும். தவறான பெயர் இருப்பது, பெயரே இல்லாததைவிட ஆபத்து.

இது எதுவும் முடியாவிட்டாலும் குறைந்தபட்சம் ஒன்று செய்யலாம். ஒரே பெரிய சாவிக்குப் பதில், வேலைக்கு ஒரு சாவி. விவரங்களைக் காட்டும் பக்கத்துக்குப் படிக்க மட்டும் அனுமதி உள்ள கணக்கு. பில் போடும் பகுதிக்கு அந்த அட்டவணையில் மட்டும் எழுத அனுமதி. அட்டவணையையே அழிக்கும் அதிகாரம், அதைப் பராமரிப்பவரின் தனிக் கணக்குக்கு மட்டும்.

இதன் அருமை திருடன் வரும்போது தெரியும். 2015 அக்டோபரில் பிரிட்டனின் டாக்டாக் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தில் தாக்குதல் நடந்தது. இணையப் பக்கத்தில் விவரம் கேட்கும் கட்டத்துக்குள் டேட்டாபேஸ் கட்டளையையே எழுதி அனுப்பும் பழைய தந்திரம்தான். 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரங்கள் வெளியே போயின. அவர்களில் 15,656 பேரின் வங்கிக் கணக்கு விவரமும் போனது. அடுத்த ஆண்டு அந்நாட்டுத் தகவல் ஆணையர் அலுவலகம் 4 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது. இந்த வகைத் தாக்குதலில் உள்ளே வருபவர் எதுவரை போக முடியும்? இணையதளத்தின் டேட்டாபேஸ் கணக்குக்கு எதுவரை அனுமதியோ, அதுவரை. சாவி சிறியதாக இருந்தால் திறக்கும் கதவும் சிறியதுதான்.

நிரூபிக்க வேண்டியது யார்?

பின்லாந்து நர்ஸ் வழக்கு போட்டார். தன் நாட்டு நீதிமன்றங்களில் தோற்றார். உங்கள் கோப்பை யாரோ சட்டவிரோதமாகப் பார்த்தார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை என்பதுதான் காரணம். ஆதாரம் இருக்க வேண்டிய இடம் மருத்துவமனையின் பதிவேடு. அதுதான் யாருடைய பெயரையும் எழுதி வைக்கவில்லையே!

அவர் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார். 2008 ஜூலை 17 அன்று தீர்ப்பு வந்தது. அவருடைய தனிவாழ்க்கை உரிமை மீறப்பட்டிருக்கிறது என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். பதிவேட்டை ஒழுங்காக வைக்காதது மருத்துவமனை. அப்படியிருக்க, நிரூபிக்கும் சுமையை அந்தப் பெண்ணின் தலையில் வைப்பது சரியல்ல. பார்த்தவர் ஒவ்வொருவரின் பெயரும் பதிவாகியிருந்தால், அவர் இப்படிக் கையறு நிலையில் நின்றிருக்க மாட்டார். நடந்த பிறகு நஷ்டஈடு கேட்க வழி இருந்தால் மட்டும் போதாது, அனுமதியில்லாதவர் உள்ளே நுழைய முடியாதபடி முதலிலேயே தடுத்திருக்க வேண்டும். தீர்ப்பின் சாரம் இதுதான்.

பொருள் இழப்புக்கு ஒரு தொகையும், மன வேதனைக்கு 8,000 யூரோவும் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். முதல் சந்தேகம் வந்து 16 ஆண்டுகள் ஓடியிருந்தன. தீர்ப்பில் அவருடைய பெயர் இல்லை. ‘ஐ’ என்ற ஓர் ஆங்கில எழுத்தால் மட்டுமே அவரைக் குறிப்பிடுகிறார்கள்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. 1998 மார்ச் மாதத்திலேயே அந்த மருத்துவமனை தன் பதிவு முறையை மாற்றிவிட்டது. யார் எந்தக் கோப்பைப் பார்த்தாலும் பிறகு கண்டுபிடிக்க முடியும் என்ற நிலை வந்தது. செய்ய முடியாத காரியம் என்று எதுவும் இருக்கவில்லை. அவருக்குத்தான் அது பயன்படவில்லை.

அந்தப் பிரிவுகளில் வேலை செய்த மற்றவர்களையும் யோசித்துப் பாருங்கள். கோப்பைத் தொடவே தொடாத நர்ஸ்களும் இருந்திருப்பார்கள். ‘நான் பார்க்கவில்லை’ என்று நிரூபிக்க அவர்களுக்கும் வழி இல்லை. தனித்தனிக் கணக்கு என்றால் ஊழியர்களை வேவு பார்ப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். தப்பு செய்யாதவரைக் காப்பாற்றுவதும் அதே கணக்குதான்.

நாம் என்ன கேட்கலாம்?

இந்தியாவில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. போதிய பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் தகவல் கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடம் உண்டு. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. யார் தகவலைப் பார்க்கலாம் என்பதற்குக் கட்டுப்பாடு வேண்டும், பார்த்ததற்கான பதிவு வேண்டும், அந்தப் பதிவை ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்கின்றன விதிகள். முக்கியமான கடமைகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம் தந்திருக்கிறார்கள்.

சட்டம் தன் வேகத்தில் வரட்டும். அதற்குள் நாம் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன.

கிளினிக், பள்ளி, டியூஷன் சென்டர், நிதி நிறுவனம் என்று எதை நடத்தினாலும், உங்களுக்கு சாஃப்ட்வேர் செய்து தருபவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு எத்தனை பேருக்குத் தெரியும்? கடைசியாக ஒருவர் வேலையை விட்டபோது அதை மாற்றினீர்களா? ஒரு வாடிக்கையாளரின் விவரத்தைச் சென்ற மாதம் யார் யார் பார்த்தார்கள் என்று இப்போதே காட்ட முடியுமா? அந்தப் பதிவை அழிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? இவற்றைக் கேட்க கம்ப்யூட்டர் படிப்பு தேவையில்லை. மூன்றாவது கேள்விக்கு ‘பார்த்துச் சொல்கிறேன் சார்’ என்று பதில் வந்தால், வேலை இன்னும் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம்.

நீங்கள் ஊழியர் என்றால், ‘அவசரம், உன் லாகினைக் கொஞ்சம் கொடு’ என்று யார் கேட்டாலும் யோசியுங்கள். உங்கள் பெயரில் அவர் செய்வதெல்லாம் நீங்கள் செய்ததாகத்தான் பதிவாகும். அலுவலகத்தில் ஐந்து பேருக்கு ஒரே பாஸ்வேர்டு என்றால், ‘எனக்குத் தனியாக ஒன்று வேண்டும்’ என்று கேட்டு வாங்குங்கள். அது உங்கள் மீது யாரும் பழி போடாமல் இருக்க உங்களுக்கே உள்ள காப்பு.

நோயாளியாக, பெற்றோராக, வாடிக்கையாளராக இருந்தால், தயங்காமல் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘என் விவரத்தை யாரெல்லாம் பார்க்க முடியும்?’ ரிப்போர்ட் வாங்கும் கவுன்டரில் இருப்பவருக்கு விடை தெரியாமல் இருக்கலாம். நாலு பேர் கேட்டால் அவர் மேலே கேட்பார். மேலே இருப்பவர் சாஃப்ட்வேர்காரரைக் கேட்பார். அப்படித்தான் மேலத்தெரு என்று மட்டும் எழுதிய நோட்டில் ஆள் பெயரும் ஏறும்.